இருபத்தைந்தாம் தேதியின் நீலம்

முதலில் நீலமானது காகித நட்சத்திரம்.

வருடா வருடம் டிசம்பர் பிறந்த மறுநாள் பரணிலிருந்து இறங்கி வாசலில் தொங்கும் ஐந்து முனை நட்சத்திரம் அது. அந்த வருடமும் இறங்கத்தான் செய்தது. ஆனால் வாசலுக்கு வரவில்லை. தையல்காரி காலையில் பின்பக்கக் குழாயடிக்குப் போனபோது குப்பைத் தொட்டியின் மேல் மல்லாந்து கிடந்தது. ஐந்து முனையும் நீலம் குடித்து ஊறிப்போயிருந்தன. நடுவிலிருந்த பல்பு மட்டும் நிறம் மாறாமல் அவளையே பார்த்தது.

அந்த நீலத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கணவர் பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதகர். கேன் கேனாக வரும் பாலை முகர்ந்து, நாக்கில் வைத்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கொதிக்கவிட்டுப் பார்ப்பார். தேறியது உள்ளே போகும். தேறாததைக் கொட்ட வேண்டும். வெறுமனே கொட்டச் சொல்லி அனுப்பினால் எவனாவது வழியில் மடக்கி விற்றுவிடுவான் என்பதால், கேனுக்கு ஒரு மூடி நீலச் சாயம் ஊற்றுவது அங்கே வழக்கம். ஒரே ஒரு மூடிதான். நாற்பது லிட்டரும் கண்மூடித் திறப்பதற்குள் நீலமாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பாலைப் பூனைகூட நம்பாது.

"என்னங்க, நட்சத்திரம் குப்பையில கெடக்கு" என்றாள்.

அவர் வேலைக்குப் போகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் போட்டேன்."

"போடுறது சரி. சாயம் எதுக்கு?"

"சும்மா போட்டா யாராவது எடுத்துட்டுப் போய் அவங்க வாசல்ல மாட்டுவாங்க. கெட்டதை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பக் கூடாது இல்ல?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபக்காரனோடு சண்டை போடலாம். போட்டால் தணியும். இவர் ஒரு கேன் பாலைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிவிட்டு, மூன்றாவது பொத்தானுக்குப் போய்விட்டார்.

இதற்கு விதை அக்டோபரில் விழுந்தது. ஒரு காலை நேரம், நிலையத்து வாசலில் லாரிகள் வால் பிடித்து நின்றன. மேலாளர் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று முதுகுக்குப் பின்னால் நின்று உயிரை வாங்கினார். ஒரு கேனின் வாசனையில் நூல் அளவுக்கு என்னவோ இருந்தது. இருக்கிறதா, இல்லையா என்று நிச்சயமில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் ஒரு பள்ளி விடுதியில் பதினோரு பிள்ளைகள் வாந்தியும் காய்ச்சலுமாக விழுந்தார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் எழுந்து பந்து விளையாடப் போய்விட்டார்கள். விசாரித்தவர்கள் தண்ணீராக இருக்கலாம், பாத்திரமாக இருக்கலாம் என்று எழுதி முடித்தார்கள். ஊரும் மறந்தது. அவர் மறக்கவில்லை. கையெழுத்துப் போட்ட விரலை நினைத்து நினைத்து முகர்ந்து பார்க்கிற பழக்கம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. குடிக்கிற தண்ணீரை முகர்ந்தார். தலையணை உறையை முகர்ந்தார். ஒருநாள் தூங்குகிற மகளின் தலைமுடியை முகர்ந்துவிட்டு, முகர்ந்ததற்காக வெட்கப்பட்டு அப்பால் போனார்.

அந்த நேரம் பார்த்து உடன் வேலை செய்கிற ஒருவர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் திணித்தார். முப்பது பக்கம் இருக்கும். வேதாகமத்தில் எந்த இடத்திலும் பிறந்த தேதி இல்லை. கடுங்குளிரில் இடையர்கள் வெட்டவெளியில் மந்தையோடு தங்கியிருக்க மாட்டார்கள். டிசம்பர் இருபத்தைந்து என்பது சூரியனைக் கும்பிட்டவர்களின் திருநாள். அதற்கு முந்தைய வாரம் அவர்கள் குடித்துக் கூத்தடித்த வாரம். சபை அந்த நாளை எடுத்துத் துடைத்து, பெயரை மாற்றி வைத்துக்கொண்டது. இவ்வளவுதான் அதில் இருந்தது. ஆயிரம் பேர் படித்துவிட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்திருப்பார்கள். இவர் அதை ஒரு பரிசோதனை அறிக்கையைப் படிப்பதுபோல் படித்தார்.

"மூலம் கெட்டிருந்தா முழுசும் கெட்டதுதான்" என்றார் அன்று சாப்பிடும்போது. "மேல என்ன பேர் ஒட்டினாலும்."

தையல்காரி அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. கிறிஸ்துமஸ் அன்று காலை ஆலயத்தில் பிள்ளைகள் நாடகம். பன்னிரண்டு தேவதூதர்களுக்கு வெள்ளை அங்கி தைக்கிற பொறுப்பு அவளுடையது. பன்னிரண்டாவது தேவதூதர் அவள் மகள். எட்டு வயது நிரம்பப் போகிறது, அதுவும் அதே நாளில். அவள் பிறந்த அந்த இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கரண்டு போய், வாசலில் எரிந்துகொண்டிருந்த பெரிய நட்சத்திரம் பட்டென்று அணைந்துவிட்டது. குழந்தையைக் கையில் வாங்கிய பரிசோதகர், "அது அணைஞ்சா அணையட்டும். எனக்கு ஒரு மின்மினி வந்துடுச்சு" என்றார். அன்றிலிருந்து நல்ல பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டில் மின்மினிதான்.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் ஆலய மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரி ஒரு பையனை நிறுத்தித் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி எலக்ட்ரீஷியன். ஏணி மேல் நின்று சுவரோரம் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தான். பரிசோதகர் டீயைத் தொடாமல் போதகரிடம் போனார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இருபத்தஞ்சாம் தேதி யாரோட நாள்?"

போதகர் டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அதைச் சோகமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல கேள்வி தம்பி. ரெண்டு கட்சி இருக்கு. சூரியன் நாளை நாம எடுத்துக்கிட்டோம்னு ஒரு கட்சி. இன்னொரு கட்சி அப்படி இல்லங்குது. அந்தக் காலத்துல ஒரு நம்பிக்கை, பெரிய மகான்கள் கருவான தேதியும் மறைஞ்ச தேதியும் ஒண்ணா இருக்கும்னு. ஆண்டவர் மறைஞ்சது மார்ச் இருபத்தஞ்சுன்னு சில பேர் வச்சிருந்தாங்க. அப்போ கருவானதும் அன்னிக்கே. அங்க இருந்து ஒன்பது மாசம் எண்ணிப் பாருங்க."

"டிசம்பர் இருபத்தஞ்சு" என்றார் பரிசோதகர். "சரி. ரெண்டுல எது முந்தி?"

"அதுதான் முடிச்சு. அந்தத் தேதி சூரியனுக்குன்னு சொல்ற பழைய பட்டியலும், அந்தத் தேதி நமக்குன்னு சொல்ற பழைய பட்டியலும் ஒரே கட்டுல கெடைச்சிருக்கு. யாரோ ஒரு மனுஷன் ரெண்டையும் ஒண்ணா எழுதி வச்சிட்டுப் போய்ச் சேர்ந்துட்டான். யாரு யாரைப் பார்த்து எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. என்னைவிடப் படிச்சவங்களும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"தெரியாதுன்னா எப்படிங்க ஐயா? ஒண்ணு தேறணும், இல்ல தேறாமப் போகணும்."

"இது பால் இல்லையே தம்பி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போதகர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்க போட்டிருக்கிற கல்யாண மோதிரமும் அந்தச் சூரியனைக் கும்பிட்டவங்க காலத்து வழக்கம்தான். எடுத்தோம், நல்லதுக்கு வச்சுக்கிட்டோம். எடுத்தது எங்கன்னு மட்டும் பார்த்தா எப்படி, எதுக்கு வச்சுக்கிட்டோம்னும் பார்க்கணும் இல்லையா?"

ஏணி மேலிருந்து தம்பி குரல் கொடுத்தான். "மச்சான், அப்படிப் பார்த்தா ஞாயித்துக்கிழமையே சூரியனோட நாள்தானே. பேர்லயே இருக்கு. அடுத்த வாரம் லீவு போடாம வேலைக்குப் போங்க. லாரிக்காரன் உங்களுக்கு மாலை போடுவான்."

மறுபடி சிரிப்பு. பரிசோதகர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, நின்றபடியே இரண்டு வரி எழுதிக்கொண்டார். தையல்காரி பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுக்க மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வேலைக்குப் போனார். குளியலறை ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் நீலத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் கல்யாண மோதிரம்.

அவள் மோதிரத்தை எடுத்துக் கழுவிப் பீரோவில் ஒளித்தாள். பிறகு அவர் நோட்டைத் தேடினாள். தேட வேண்டியதே இல்லை. அலமாரியில் கண்ணுக்கு எதிரேதான் வைத்திருந்தார். நிலையத்துப் பதிவேட்டில் இருப்பதுபோலவே அளவுகோல் வைத்து மூன்று கட்டம் போட்டிருந்தார். பொருள். மூலம். முடிவு. நட்சத்திரம், மரம், மெழுகுவர்த்தி, பரிசுப் பொட்டலம், மோதிரம், ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் நேரே யாரிடமிருந்து வந்தது என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: கொட்டவும். கொட்டவும். கொட்டவும். பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் எழுதின மாதிரி முத்து முத்தான எழுத்து.

மோதிரமும் ஞாயிறும் அவராகக் கண்டுபிடித்தவை அல்ல என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்று போதகர் எடுத்துக் கொடுத்தது. இன்னொன்று தம்பி எடுத்துக் கொடுத்தது. எதிர்த்துப் பேசுகிறவர்கள்தான் அவருக்கு அடுத்த வரியை எழுதிக் கொடுக்கிறார்கள். இவரோடு யாரும் இதைப் பேசவே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். அந்த வாரமே அவள் வாய் அவளை மீறியது.

"தயிருக்கு உறை யார் வீட்டுல வாங்கினோம்னு யாராவது பார்ப்பாங்களா?" என்றாள் ஒருநாள் காலையில். "பக்கத்து வீட்டுல ஒரு ஸ்பூன் வாங்கிப் போட்டோம். விடிஞ்சா அது நம்ம தயிர். அவ்வளவுதானே."

அவர் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "யார் வீட்டுல வாங்கினே?"

அன்றோடு வீட்டில் தயிர் நின்றது.

தம்பி கேள்விப்பட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "அக்கா, மச்சானுக்கு மூளையில உறை ஊத்திட்டாங்க. நல்லா கெட்டியாயிடுச்சு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "வேணும்னா சொல்லு. நீயும் பிள்ளையும் கொஞ்ச நாள் நம்ம வீட்டுல வந்து இருங்க."

"பண்டிகை முடியட்டும்டா. தேதி தாண்டினா தானா இறங்கிடும்."

அப்படித்தான் அவள் நம்பினாள். தேதி நெருங்க நெருங்க அவர் இன்னும் அமைதியானார். யாரையும் அடிக்கவில்லை. திட்டவில்லை. பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. "பாப்பா, திரும்பு" என்றார். "பாப்பா, ரிப்பன் எடு" என்றார். மின்மினி என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது.

பிள்ளை அதைக் கவனித்திருந்தாள். பிள்ளைகள் கண்ணில் எது தப்பும்? ஒருநாள் அவர் பையிலிருந்த மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதை ஊத்தினப்புறம் பாலுக்கு வலிக்குமா?"

"பாலுக்கு என்ன வலி."

"அப்புறம் எதுக்கு ஊத்துறீங்க?"

"யாரும் குடிக்காம இருக்கத்தான். ஊத்தினா நிறம் போகவே போகாது. கெட்ட பால்னு தெரிஞ்சா யாரும் தொட மாட்டாங்க. அந்தப் பதினோரு பிள்ளைங்களுக்கு வந்த மாதிரி யாருக்கும் நோவு வராது." பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்தார். "எல்லாரையும் காப்பாத்துறதுக்குத்தான்."

"ஒரு கேனுக்கு ஒரு மூடியா?"

"ஒரு மூடி."

அவள் விரல் விட்டு என்னவோ கணக்குப் போட்டாள். தையல்காரி மிஷினை மிதித்துக்கொண்டே அதைக் கேட்டாள். வேலை மும்முரத்தில் விட்டுவிட்டாள்.

இருபதாம் தேதி அவர் நாடகத்தைப் பற்றி எடுத்தார். "பாப்பா இதுல நடிக்க வேண்டாம்."

"அங்கி தைச்சாச்சு. வசனம் பாடமாயிடுச்சு. போதகர் வீட்டம்மா அவளுக்குன்னே எழுதினது."

"அங்கியை வேற யாருக்காவது குடு. அந்த நாள் நமக்கு இல்ல."

தையல்காரியின் கால் மிஷினில் நின்றது. இருபது நாளாக விழுங்கி விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்தது.

"நமக்கு இல்லையா? உங்க பொண்ணு என்னிக்குப் பொறந்தா? அந்தத் தேதியே கெட்டதுன்னா அவளும் அதுல வந்தவதானே. அவளையும் கொட்டிடுவீங்களா?"

சுருக்கென்று குத்தத்தான் அப்படிக் கேட்டாள். 'வாயை மூடுடி, என்ன பேச்சு இது' என்று அவர் சீறுவார், அந்தச் சீற்றத்தில் பழைய மனுஷன் வெளியே வருவார் என்று நினைத்தாள்.

அவர் சீறவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி, வாசனையில் நூல் அளவுக்கு என்னவோ இருக்கிற கேனின் முன்னால் நிற்பதுபோல் நின்றார். பிறகு தட்டைக் கழுவப் போய்விட்டார்.

கயிற்றில் வரிசையாகத் தொங்கிய பன்னிரண்டு வெள்ளை அங்கிகளில் ஒன்று அசைந்தது. அதற்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. தையல்காரி ஓடிப்போய் அங்கியை விலக்கினாள்.

"எப்ப வந்தே?"

"இப்பத்தான்" என்றாள் மின்மினி. அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

"அம்மா கோபத்துல ஏதோ உளறினேன். நீ மனசுல வச்சுக்காதே, என்ன?"

"ம்" என்றாள் பிள்ளை. அன்று வழக்கத்தைவிடச் சமர்த்தாகச் சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவினாள். அடுத்த நாள் கேட்காமலேயே வீட்டுப்பாடம் முடித்தாள். அவ்வளவு சமர்த்தைப் பார்த்துத் தையல்காரி அவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

இருபத்துநான்காம் தேதி அவள் தம்பிக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலையில வேன் எடுத்துட்டு வா. நாடகத்துக்குப் போறோம். அங்க இருந்து நேரா உன் வீடு."

"மச்சான்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா அதையும் எழுதிக்குவார்."

விடிந்தது. தெருவில் மற்ற வீட்டு வாசல்களில் நட்சத்திரங்கள் பகல் வெளிச்சத்திலும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. இந்த வீட்டு வாசலில் ஆணி மட்டும் இருந்தது. பரிசோதகர் வேலைக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்தார். தையல்காரி பதினோரு அங்கிகளை மடித்துப் பையில் வைத்தாள். பன்னிரண்டாவதை இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்தாள். துணிமணிப் பையை எடுக்க அலமாரியைத் திறந்தவள் கண்ணில் நோட்டுப் பட்டது. பார்க்காமல் போயிருக்கலாம். கை கேட்கவில்லை.

தயிருக்குக் கீழே ஒரு புது வரி. பொருள் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. வெறும் கோடு. மூலம்: டிசம்பர் 25. முடிவு என்ற இடத்தில் பேனா முனையை வைத்து வைத்து எடுத்த புள்ளிகள், நாலைந்து. அந்த மனுஷன் தன் வாழ்நாளில் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அது இப்போது காலியாக இல்லை. புள்ளிகளின் மேல் பென்சிலால், கோணல்மாணலாக, மேலே இருந்த வரிகளைப் பார்த்துப் பார்த்து யாரோ எழுதியிருந்தார்கள். கொட்டவும்.

பக்கத்தில் ஒரு நீல விரல்ரேகை. சின்னது.

"மின்மினி" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினாள்.

குழாயடிக் கல்லில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். முழங்காலை ஒட்டி வைத்து, கைகளை மடியில் போட்டு, போட்டோ எடுக்க உட்கார்ந்தவள்போல் நேராக. பக்கத்தில் பாட்டில். மூடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். உதடு, பல், நாக்கு எல்லாம் நீலம்.

"நான் கேனை விடச் சின்னவதானேம்மா. பாதி மூடி போதும்னு பார்த்தேன். அப்புறம் பத்தாதோன்னு பயந்து முழுசாக் குடிச்சுட்டேன்."

தையல்காரி போட்ட சத்தத்தில் பரிசோதகர் ஈரத் தலையோடு ஓடிவந்தார். பார்த்தார். மகளை வாரித் தூக்கிக் குழாயைத் திறந்து வாய்க்குள் விரல் விட்டு, "துப்பு, துப்பு" என்று கழுவினார். தண்ணீர் நீலமாக ஓடியது. அவர் கை நீலமாகியது. பிள்ளையின் வாய் நீலமாகவே இருந்தது.

"போயிடும். போயிடும்டா."

"போகாதுப்பா" என்றாள் அவள், அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "நீங்கதானே சொன்னீங்க."

"இது விஷமா?" தையல்காரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்கிறேன்ல. குடிச்சா என்ன ஆகும்? சொல்லுங்க."

அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். "தெரியாது" என்றார்.

தம்பியின் வேன் வாசலில் ஹாரன் அடித்தது.

ஆஸ்பத்திரி எட்டு வருடத்தில் மாறவில்லை. அதே வாசல், அதே இடத்தில் பெரிய நட்சத்திரம். வண்டியில் வரும்போதே பிள்ளைக்குக் கண் சொருக ஆரம்பித்திருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் கட்டம் போட்ட ஒரு தாளை இழுத்தார்.

"பேரு?"

தையல்காரி சொல்லியிருப்பாள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"மின்மினி" என்றார் அவர்.

"நல்ல பேரைச் சொல்லுங்க சார்."

சொன்னார்.

"பிறந்த தேதி?"

தம்பி தரையைப் பார்த்தான். பரிசோதகர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்தில் நீலம் ஒட்டியது.

"டிசம்பர் இருபத்தஞ்சு."

நர்ஸ் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். 'இன்னிக்கா' என்று கேட்க வாயெடுத்தவர் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்காமல் எழுதினார்.

உள்ளேயிருந்து டாக்டர் பாட்டிலோடு வந்தார். நல்ல வயசானவர். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பேர் ஒட்டின சீட்டே இல்லையே. என்ன சாயம் இது?"

"நீலம்... பால்ல ஊத்துறது டாக்டர். கெட்ட பால்ல."

"அது புரியுது. எதுல செஞ்சது? யார் செஞ்சது? எங்க இருந்து வருது?"

"நிலையத்துல ஒரு பெரிய டிரம் இருக்கு. அதுல இருந்து பிடிச்சுக்குவோம்."

"அந்த டிரம்முக்கு எங்க இருந்து வருது?"

பரிசோதகர் நின்றார். பதினாறு வருடம். தினமும் அந்தக் குழாயைத் திருகியிருக்கிறார். தயிர் எந்த வீட்டு உறை என்று கேட்டவர், ஒரு கிழமையின் மூலத்தைக் கேட்டவர், அந்த டிரம்மைப் பார்த்து ஒருநாளும் கேட்டதில்லை.

"தெரியாது டாக்டர்."

டாக்டர் பாட்டிலை ஒரு பைக்குள் போட்டு ஆளிடம் கொடுத்து, "லேபுக்கு அனுப்புங்க" என்றார். "இது என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் மேல எதுவும் செய்ய முடியும். அதுவரைக்கும் அவளைத் தூங்க விடாம வச்சுக்கிறோம்." கதவு மறுபடி மூடியது.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தையல்காரி ஒரு முனை, அவர் மறு முனை, நடுவில் மடித்த வெள்ளை அங்கி. அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளையும் கொட்டிடுவீங்களா. அந்த வாக்கியம் அவளுடையது. யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவளே எடுத்துக் கொடுத்தது. அவர் பக்கம் திரும்பித் திட்ட நினைத்தவள் அங்கியின் மடிப்பை நீவிவிட்டாள்.

அவர் விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஒரு வாசனையும் இல்ல" என்றார் யாரிடமோ. "இத்தனை வருஷமா இதுக்கு ஒரு வாசனையும் இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸின் குரல் கேட்டது. "தூங்கக் கூடாது கண்ணு. ஏதாவது பேசு. நாடகத்துல உனக்கு என்ன வசனம்? எனக்குச் சொல்லு பார்ப்போம்."

சின்னக் குரல் எழுந்தது. மேடைக்குப் பழகின குரல்.

"கதவைத் திறங்கள். வெளிச்சம் வந்திருக்கிறது."

"அழகா இருக்கே. இன்னொரு தடவை."

"கதவைத் திறங்கள். வெளிச்சம்... வந்திருக்கிறது."

"இன்னொரு தடவை கண்ணு. தூங்காதே."

தையல்காரி எழுந்து நின்றாள். அவரும் எழுந்தார். வெளியே எந்த ஆலயத்திலோ மணி அடித்து ஓய்ந்தது.

"கதவைத் திறங்கள்" என்றது குரல்.

இரண்டு பேரும் மிச்ச வரிக்காகக் காத்து நின்றார்கள்.